ஆரஞ்சு நைட்டி

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். வேதவல்லி அம்மா பேசுவதே கொஞ்சம். அதில் ஒரு சொல்லை மாற்றிவிட்டால் போயிற்று.

எங்கள் குடியிருப்பில் நாலு பிளாக். மற்ற மூன்றும் ஒரே வெள்ளை, ஒரே கம்பி. எங்களுடையது மட்டும் ஆளுக்கொரு கோபத்தில் கட்டியது போல இருக்கும். பஷீர் பாய் பால்கனியில் நீலத் தார்ப்பாய். ரோஸ்லின் பால்கனிக்கு ஊதா பெயிண்ட். மேல்வீட்டில் வாளிக்குள் கத்தரிச்செடி. தண்ணீர் விட்டால் என் தலையில்தான் சொட்டும்.

கீழ்வீட்டு வேதவல்லி அம்மாவிடம் போனேன். என்னைவிட வயதில் சின்னவர், என்னை அக்கா என்பார். ஆனால் சாயங்காலம் அவர் சொல்கிற நல்லது கெட்டதை முன்னால் உட்கார்ந்து கேட்கிறவர்களில் நானும் ஒருத்தி. எனக்கு அவர் அம்மாதான்.

“வெள்ளிக்கிழமை என் மலர்க்கொடியைப் பொண்ணு பார்க்க வர்றாங்கம்மா. ஏற்கெனவே ரெண்டு இடம் தட்டிப்போச்சு. இதுவும் போனா அவ தாங்கமாட்டா. இந்தக் கட்டடத்தைப் பார்த்தா வாசலோடயே திரும்பிடுவாங்க. நீங்க என்னமோ எப்பவும் நம்ம கட்டடம்தான் அழகுங்கிறீங்க. இதுல எதும்மா அழகு?”

அம்மா எழுந்தார். தன் ஜன்னலுக்கு வெளியே வெயிலுக்குக் கட்டியிருந்த பூப்போட்ட துணியை அவிழ்த்து மடித்தார்.

“எல்லாரையும் அவிழ்க்கச் சொல்லுங்கக்கா.”

வீடு வீடாகக் கெஞ்சினேன்.

“மாப்பிள்ளை உன் பொண்ணைப் பார்க்க வர்றானா, என் பால்கனியைப் பார்க்க வர்றானா?” என்று ரோஸ்லின் கேட்டாள். கேட்டாலும் ஒத்துக்கொண்டாள். தார்ப்பாய் போயிற்று, வாளி போயிற்று. முன்சுவர், பால்கனி எல்லாம் வெள்ளை. அடித்த மகராசன் பிளாக் எண் மேலேயும் சேர்த்து அடித்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை. பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது. ஆளைக் காணோம். தரகர் சிங்காரத்துக்குப் போன் செய்தேன்.

“எங்கண்ணே இருக்கீங்க?”

“உங்க வீட்லதாம்மா! காப்பியே குடிச்சாச்சு. பொண்ணைக் கூப்பிடுங்க, மாப்பிள்ளையோட அம்மா கடிகாரத்தைப் பார்க்கிறாங்க.”

“என் வீட்ல நான்தானே இருக்கேன்!”

அந்தப் பக்கம் ஏதோ சலசலப்பு. பிறகு காப்பி கொடுத்த வீட்டுப் பெரியவர் குரல்: “அப்போ நீங்க மருமக வழிச் சொந்தம் இல்லையா?”

கொஞ்ச நேரத்தில் தரகரே கூப்பிட்டுச் சீறினார். “நீங்கதானே சொன்னீங்க, நீலத் தார்ப்பாய், அதுக்கு மேல ஊதா பால்கனி, பக்கத்துல உங்க வீடுன்னு? ஒண்ணையும் காணோம். ஏதோ ஒரு வெள்ளை வீட்ல ஏறிட்டோம். இப்போ கீழே வந்து நிக்கிறோம். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கு. அவங்க கிளம்பணுங்கிறாங்க!”

கீழே ஓடினேன். அவர்கள் எந்தப் பிளாக் பின்னால் நிற்கிறார்கள் என்றே தெரியவில்லை. வேதவல்லி அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

“இப்படி ஆகும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நீங்களே முதல்ல அவிழ்த்தீங்களேம்மா!”

அம்மா என் தோளைப் பிடித்துக் கட்டடத்தின் பக்கம் திருப்பினார்.

“பளிச்சுன்னு இருக்கு. இதுல உங்க வீடு எதுக்கா?”

கையைத் தூக்கினேன். எங்கே நீட்டுவதென்று தெரியவில்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே வெள்ளை.

மாடிப்படி ஏறி ஓடினேன். கொடியில் கைக்குக் கிடைத்தது என் ஆரஞ்சு நைட்டி. கழுத்துப் பக்கம் கிழிசல் வேறு. பால்கனிக் கம்பியில் அதை அகலமாக விரித்து, காற்றில் போய்விடாமல் இரண்டு முடிச்சுப் போட்டேன். பிறகு தரகரைக் கூப்பிட்டுச் சொன்னேன்:

“ஆரஞ்சு நைட்டி தொங்குற வீடுண்ணே.”