ஆட்டு வயித்துல ஊறுன வேலம்விதை

கரிசக்காட்டுல ஒரு ஊரு. அந்த ஊர்ல ராக்குன்னு ஒரு மருமக இருந்தா. புருஷங்காரன் உப்பு வண்டி ஓட்டுறவன், போனா மாசக்கணக்குல திரும்ப மாட்டான். வீட்டுல மாமியா சடச்சியும் ராக்கும்தான். சடச்சி, தண்ணி எடுத்தாலும் திட்டுவா, கூழு காய்ச்சினாலும் திட்டுவா, சும்மா உக்காந்தா கேக்கவே வேணாம்.

ஒருநாள் வளையல்காரரு வந்து, "தாயி, உங்க ஆத்தா படுத்த படுக்கையாக் கெடக்கா. உம்பேரைத்தான் சொல்லிக்கிட்டே இருக்கா"ன்னாரு. ராக்கு கெணத்தடியில நின்ன மாமியாகிட்ட ஓடி, "அத்தை, ஒரு எட்டு பாத்துட்டு ஓடியாந்துருறேன்"னு அழுதா. சடச்சி என்ன செஞ்சா தெரியுமா? தண்ணி எடுக்க வந்த பொம்பளைக அம்புட்டுப் பேரும் பாக்க, அங்க உதுந்து கெடந்த வேலம்விதையை மூணு கை அவ மடியில அள்ளிப் போட்டு, "இதுல ஒண்ணு முளைக்கட்டும், அன்னிக்கே போ"ன்னுட்டா.

வேலமரம் பாத்திருக்கீங்கள்ல? மஞ்சமஞ்சளா உருண்டையாப் பூக்கும், அப்புறம் மணிமாலை மாதிரி நெத்து தொங்கும். உள்ள இருக்குற விதை கல்லு மாதிரி. அது சடச்சிக்கு நல்லாத் தெரியும்.

முதக் கை விதையை ராக்கு புழக்கடையில ஊனி, காலையிலயும் சாயங்காலமும் தண்ணி ஊத்துனா. முளைக்கல. ரெண்டாங் கையை எருவு போட்டு ஊனி, வைக்கோலை மூடி, தண்ணி ஊத்துனா. அதுவும் முளைக்கல. நோண்டிப் பாத்தா விதை போட்டது போட்டபடி கெடக்கு.

மிச்சம் ஒரே ஒரு கை. அதை மடியில வச்சுக்கிட்டு அவ தேம்பித் தேம்பி அழ, தொழுவத்துல கட்டியிருந்த கிழட்டு வெள்ளாடு, "அதை என்கிட்ட குடு தாயி"ன்னுச்சு.

"எதுக்கு?"

"திங்க."

"ஐயோ, இதுவும் போச்சுன்னா எங்க ஆத்தா மூஞ்சிய நான் பாக்கவே முடியாதே!"

"அடி கிறுக்கச்சி, இந்த விதைக்குத் தோலு கெட்டி. தண்ணி உள்ள போனாத்தான முளை முழிக்கும்? என் வயித்துல கெடந்து ஊறட்டும், தோலு இளகிரும்."

ராக்கு விதையைக் கையில அள்ளுனா. நீட்டுனா, இழுத்துக்கிட்டா. மறுபடி நீட்டுனா, மறுபடி இழுத்துக்கிட்டா. மூணாந் தடவை கண்ணை இறுக்க மூடிக்கிட்டு நீட்டிட்டா. ஆடு மெல்லாமக் கொள்ளாம அம்புட்டையும் முழுங்கிருச்சு.

அப்புறம் விடிஞ்சா ராக்குக்கு ஒரே வேலை. ஆட்டுப் புழுக்கையைப் பொறுக்குவா, மண்ணுல பொதைப்பா, தண்ணி தெளிப்பா. ஒருநாள் காலையில பாத்தா, மண்ணு விண்டு ரெண்டு பச்சை இலை எட்டிப் பாக்குது!

சடச்சி விட்டுருவாளா? "முளைக்க வச்சது ஆடு, நீ இல்ல. போகக் கூடாது"ன்னா. கெணத்தடிப் பொம்பளைக சுத்திக்கிட்டாங்க. "ஒண்ணு முளைக்கட்டும்னுதான சொன்ன? யாரு முளைக்க வைக்கணும்னு சொன்னியாக்கா?" சடச்சி வெடுக்குன்னு மொகத்தைத் திருப்பிக்கிட்டா. ராக்கு சீலையை வரிஞ்சு கட்டிக்கிட்டு ஓடுனவதான், ஆத்தாளைத் தூக்கி மடியில சாச்சு, கஞ்சியை ஊதி ஊதி ஊட்டுனா. "வந்துட்டியா"ன்னு அவ கன்னத்தைத் தடவுனா ஆத்தாக்காரி.

இங்க சடச்சிக்குக் கோவமெல்லாம் ஆட்டு மேல. "என் விதையத் தின்னேல்ல? இனி நீயே தேடித் தின்னு"ன்னு அவுத்து விரட்டிட்டா. ஆடு பகலெல்லாம் வேலங்காட்டுல நெத்து தின்னுச்சு, பொழுது சாஞ்சா வந்து இவ வாசல்லயே படுத்துச்சு. வாசலெல்லாம் புழுக்கை. கூட்டுறது மருமக வேலைன்னு சடச்சி வெளக்குமாத்தைத் தொடல. மழை பெஞ்சுச்சு. அப்புறம் என்ன? வாசல் நெறைய வேலங்கன்னு, கன்னு நெறைய முள்ளு. ஒருநாள் தூக்கக் கலக்கத்துல வெளிய வந்தவளுக்குக் குதிகால்ல ஏறிருச்சு முள்ளு. காலு வீங்கிப் போச்சு, தண்ணி மொண்டு குடுக்கக்கூட ஆளில்ல.

ஆத்தா எந்திரிச்சு நடமாடுனதும் ராக்கு திரும்பி வந்தா. வாசல்ல மாமியா காலைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. ராக்கு பக்கத்துல உக்காந்தா. அந்தக் காலைத் தூக்கி மடியில வச்சு, ஊசியால பைய நிமிண்டி முள்ளை எடுத்தா.

சடச்சி அந்த முள்ளை வாங்கித் தூர எறிஞ்சா. அப்புறம், "உங்க ஆத்தா சோறு திங்கிறாளா?"ன்னு கேட்டா.

"திங்கிறா அத்தை."

"அறுப்பு முடியட்டும். மறுபடி ஒரு எட்டு போயி நாலு நாள் இருந்துட்டு வா"ன்னா.

அதுக்கப்புறம் அந்த வீட்டுல யாரும் யாரையும் அழவிடல. அவங்க அங்க நல்லா இருக்காங்க, நீங்க இங்க நல்லாத் தூங்குங்க.