சலவை அறையில் ஐந்தாவது கால்

செம்மடுவூரை ஆண்ட கொற்றவேலருக்கு ஒரு பழக்கம். எதைச் செய்வதானாலும் படத்தைத் தாமே வரைவார். வரைந்ததில் குறை இருந்தால் அதைச் சொல்ல ஆள் இருக்காது.

அரசியின் பட்டுகளை அலசுவதற்காகச் சலவை அறைக்கு ஓர் அலமாரி வரைந்தார். (அலமாரி என்ற சொல் கப்பலில் வந்தது, பொருள் மட்டும் உள்ளூர்த் தேக்கு.) உள்ளே பூந்திக்கொட்டையும் மடித்த துணியும் வைத்துக்கொள்ளலாம். மேலே பித்தளைத் தொட்டி. கீழே சிங்கப் பாதம் செதுக்கிய நாலு கால்.

தொட்டி செய்த கன்னார் சடையப்பன் அதைக் கொண்டுவந்து பொருத்தினார். தொட்டியின் பின்பக்கம் அலமாரியைத் தாண்டி ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது. எல்லோரும் தலையாட்டி ரசித்தார்கள். சடையப்பன் மட்டும் கேட்டார்:

"மகாராஜா, ஊற்றுகிற தண்ணீர் எந்த வழியாக வெளியே போகும்?"

மன்னர் படத்தைப் பார்த்தார். படத்தில் தண்ணீர் உள்ளே வந்தது, வெளியே போகவில்லை.

அரண்மனை மணியக்காரர் நாகலிங்கத்துக்கு இது நல்ல சமயம். அவருடைய மைத்துனனும் பித்தளை வேலை செய்யும் கன்னார்தான், அரண்மனை வேலைக்குக் காத்திருந்தான். "மன்னரின் படத்திலேயே குறை காண்கிறாயா? வேலை தெரிந்தவன் வழி கண்டுபிடிப்பான். தெரியாதவன் கேள்வி கேட்பான்" என்றார்.

மன்னர் அங்கேயே ஆணை எழுதினார்: அலமாரிக்கு நாலு கால். காலைத் தவிர வேறெதுவும் தரையைத் தொடலாகாது. பலகையில் துளை போடலாகாது. சாக்கடை நாற்றம் அறைக்குள் வரலாகாது.

"எட்டு நாள் தருகிறேன். முடியவில்லை என்றால் இனி இந்த அரண்மனையில் நீ கால் வைக்கக்கூடாது."

சடையப்பன் நேரே நிகண்டுப் புலவர் வெள்ளியம்பலத்திடம் போனார். அரண்மனையில் சொற்களுக்குப் பொருள் சொல்வது இவர் வேலை. பொருள் கேட்க ஆள் வராத நாட்களில் தாமே போய்ச் சொல்லிவிட்டு வருவார்.

"ஐயா, மூணு தலைமுறையாக இந்த அரண்மனை வேலைதான் எங்களுக்குச் சோறு. குழாய் இறக்காமல் தண்ணீரை எப்படி வெளியேற்றுவது?"

"இறக்கு. தொட்டி பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதன் அடியில் துளை போடு. அது பித்தளை, பலகை இல்லை. குழாயை அலமாரிக்குப் பின்னால் விட்டுத் தரைச் சாக்கடையில் சேர்."

"தரையைத் தொடுமே ஐயா."

"உங்கள் தொழிலில் அதற்கு என்ன பெயர்?"

"வடிகால்."

"இன்னொரு தரம் சொல். மெதுவாக."

"வடி... கால்." சடையப்பன் சிரித்துவிட்டார். உடனே முகம் வாடியது. "சாக்கடை நாற்றம் மேலே ஏறுமே?"

"கால் என்று இருந்தால் முழங்கால் இருக்காதா? நடுவில் மடக்கு. மடங்கிய இடத்தில் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கட்டும். நாற்றம் அதைத் தாண்டி வராது."

"அதை நானே சொல்லியிருப்பேன் ஐயா."

"சொல்லியிருப்பாய். நான் முந்திக்கொண்டேன்."

எட்டாம் நாள் மன்னர் வந்தார். மணியக்காரரும் புலவரும் கூட வந்தார்கள். இரண்டு குடம் தண்ணீரை ஊற்றச் சொன்னார். தண்ணீர் சுழன்று இறங்கிப் போய்விட்டது. மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். பூந்திக்கொட்டை வாசம்தான் வந்தது.

நாகலிங்கம் குனிந்து பின்னால் பார்த்தார். அங்கே ஒரு பித்தளைக் குழாய். அதன் அடியிலும் சிங்கப் பாதம்.

"மன்னா, காலைத் தவிர எதுவும் தரையைத் தொடக்கூடாது என்பது ஆணை. இது என்ன?"

"வடிகால்" என்றார் புலவர்.

"வடிகால் எப்படிக் கால் ஆகும்?"

"அதிலிருந்து காலை எடுத்துவிட்டுப் பாருங்கள், மணியக்காரரே. வடி மட்டும் மிஞ்சும். அறை முழுக்க வடியும்."

மன்னர் மீசையைத் தடவிக்கொண்டார். நாகலிங்கம் விடவில்லை. "சரி, கால் என்றே இருக்கட்டும். ஆணையில் நாலு கால் என்றுதான் இருக்கிறது. இப்போது அஞ்சு. இது ஆணையை மீறியது இல்லையா?"

இதைப் பற்றிச் சடையப்பனும் புலவரும் பேசி வைக்கவில்லை.

புலவர் நிதானமாகக் கேட்டார். "மணியக்காரரே, சின்ன வயதில் கால் வாய்ப்பாடு படித்தீர்களா? நாலு கால் எவ்வளவு?"

"ஒன்று."

"மன்னர் எத்தனை அலமாரி கேட்டார்?"

"ஒன்று."

"அஞ்சு கால்?"

மன்னரே சொன்னார்: "ஒன்றேகால்."

"மன்னர் ஒன்று கேட்டார். சடையப்பன் ஒன்றேகாலாகக் கொடுத்திருக்கிறார். குறைத்துக் கொடுத்திருந்தால் தண்டிக்கலாம்."

மன்னர் சிரித்த சிரிப்பில் தொட்டி அதிர்ந்தது. ஓலையையும் எழுத்தாணியையும் வாங்கிப் பழைய ஆணையை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். எழுதியதை நாகலிங்கத்திடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார்.

மணியக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்:

"இனி இந்த அரண்மனையில் சடையப்பனைத் தவிர வேறு யாரும் கால் வைக்கக்கூடாது."

படித்து முடித்ததும் தம் கால்களைக் குனிந்து பார்த்துக்கொண்டார். பிறகு புலவரிடம் மெல்லக் கேட்டார்:

"புலவரே, இதற்கு என்ன பொருள்?"