நடுவில் நின்றவளின் தூக்கம்

முன்னொரு காலத்தில் மஞ்சுநாட்டை நிலவழுதி என்று ஒரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். தூங்கினான் என்பதே சரி. ஒரு நாளின் அறுபது நாழிகையில் ஐம்பத்துமூன்று நாழிகை தூக்கம். மிச்ச நேரத்தில் சாப்பாடு போக, கண்ட கனவுகளைச் சபையில் சொல்லிச் சொக்கிப்போவான். வெண்மேகத்தில் தோணி விட்டானாம். மீன்கள் குடை பிடித்து வந்தனவாம்.

அவன் தூங்குவதற்காக நான்கு பேர் விழித்திருந்தார்கள். இருவர் விசிறி வீச, ஒருவர் கால் பிடிக்க, ஒருவர் யாழ் மீட்ட. ஒருநாள் விசிறி வீசிய அல்லியம்மை நின்றபடியே கண்ணயர்ந்தாள். விசிறி ராஜாவின் மூக்கில் விழுந்து, தோணி கவிழ்ந்து, கனவு கலைந்துபோனது.

"இவளை நாடு கடத்துங்கள்!" என்று சபையில் கத்தினான் ராஜா.

"தூக்கம் போதலை மகாராஜா! கைக்குழந்தையோட நான் எங்கே போவேன்?" என்று அழுதாள் அல்லி.

அமைச்சர் தேனூர்க்கிழார் அவளுக்காகப் பேச எழுந்தார். அவருக்கு நல்ல பெயர் வந்தால் தலைமைக் கணக்கர் வச்சிரதேவருக்கு வயிறு எரியும். கணக்கர் முந்திக்கொண்டார்.

"பொய், அரசே! பள்ளியறையில் ஐந்து பேர். அவர்கள் தூக்கம் நான்கு, ஐந்து, ஆறு, ஏழு, தங்களுடையது ஐம்பத்துமூன்று. மொத்தம் எழுபத்தைந்து. சராசரி ஆளுக்குப் பதினைந்து நாழிகை! இதற்குமேல் என்ன தூக்கம் வேண்டும்?"

"அருமை! அந்தப் பதினைந்து நாழிகை தூங்குகிறவரைக் கொஞ்சம் கூப்பிடுங்களேன்," என்றார் அமைச்சர்.

வச்சிரதேவர் நால்வரையும் பார்த்தார். எட்டுக் கண்களும் சிவந்திருந்தன. அமைச்சர் ராஜா பக்கம் திரும்பினார்.

"அரசே, இன்னும் ஐந்து நாழிகை கூடுதலாகத் தூங்குங்கள். சராசரி பதினாறாகிவிடும். அல்லிக்கும் ஒரு நாழிகை கூடிவிடும், இல்லையா கணக்கரே?"

"நான் தூங்கினால் அவளுக்கு எப்படியய்யா கூடும்?" என்று கேட்டான் ராஜா.

"அதைத்தான் நானும் கேட்கிறேன், அரசே. குறைவாகத் தூங்குபவர் முதலாக எல்லோரும் வரிசையில் நில்லுங்கள். கடைசியில் தாங்கள்."

ராஜாவும் விளையாட்டாக இறங்கி வந்து நின்றான். சரியாக நடுவில் அல்லி நின்றாள்.

"இவள் தூக்கம் ஆறு நாழிகை. தாங்கள் ஐம்பத்தெட்டு தூங்கினாலும் நடுவில் நிற்பவளுக்கு ஆறுதான்," என்றார் அமைச்சர்.

அதற்குள் அல்லி பக்கத்திலிருந்த யாழ்க்காரரின் தோளில் சாய்ந்து தூங்கியே போயிருந்தாள். பிறர் தூங்கி ராஜா பார்த்ததே இல்லை. எப்போதும் அவன்தான் முதலில் தூங்குவான். அல்லியின் வாய் லேசாகத் திறந்திருந்தது. திரைச்சீலை மெல்ல அசைந்தது.

"உஷ்..." என்றான் ராஜா. தன் முத்துமாலையைச் சத்தமில்லாமல் கழற்றி அமைச்சருக்குப் போட்டான். அல்லியின் விசிறியை வச்சிரதேவர் கையில் கொடுத்தான். "வீசும். இனி இந்த நால்வரில் ஒருவரும் பதினைந்து நாழிகைக்குக் குறைந்து தூங்கக் கூடாது. குறைந்தால் அந்த நேரத்தை உம் தூக்கத்தில் பிடித்துக்கொள்வேன்."

அந்தி சாயும் நேரத்தில் அல்லி கண் விழித்தாள். ராஜா தூங்கப் போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

"என்ன கனவு கண்டாய்? சொல், சொல்!"

"ஒண்ணும் வரலை மகாராஜா. நல்லாத் தூங்கினேன்."

"ஐம்பத்துமூன்று நாழிகை தூங்கியும் எனக்கு இப்படியொரு தூக்கம் வாய்க்கவில்லையே," என்றான் ராஜா.