பூச்செண்டு போட்ட சுருக்கு

ஒரே ஒரு ஊர்ல, கடலோரத்துல, பூச்செண்டுன்னு ஒருத்தி இருந்தாளாம். எதுத்த தீவுல குடிக்கத் தண்ணி கிடையாது. இவ என்ன பண்ணா, வீட்டுக் கதவைக் கழட்டி ஒரு படகு செஞ்சு, படுக்கிற கோரைப்பாயையே பாயா கட்டி, அந்தத் தீவுக்குத் தண்ணி வித்துக் கஞ்சி குடிச்சா. கதவில்லாட்டி நாய் வராதான்னு கேக்குறீங்களா? வரும். வந்து என்னத்தத் திங்கும்?

முதல் தடவ போனா, படகு சாஞ்சுது. காஞ்ச சுரைக்குடுக்கைய ரெண்டு பக்கமும் கட்டினா. ரெண்டாந்தடவ போனா, பாயை இறக்க எந்திரிச்சா, படகு ஆடுச்சு. கயித்தை உக்காந்த இடத்துக்கே கொண்டுவந்தா. மூணாந்தடவ போனா, அந்தக் கயித்து முடிச்சு நனைஞ்சு அவுக்க வரல. இழுத்தா உருவிக்கிற சுருக்கா மாத்தினா.

அதுக்கு முன்னால தீவுக்குத் தண்ணி வித்தவன் தாண்டவராயன், ராஜாவோட படகுக்காரன். அவனுக்கு வயிறு எரிஞ்சுது. நேரா ராஜாகிட்டப் போயி, "கதவுல படகு செஞ்சிருக்கா மகாராஜா, ஆளை முழுங்கிடும். உடைச்சு அடுப்புல வைக்கச் சொல்லுங்க"ன்னான்.

ராஜாவுக்கு எதையும் பாக்காம இருக்க முடியாது. வந்துட்டாரு.

"இந்தச் சுரைக்குடுக்கை எதுக்கு?"

"கவுந்தாலும் முங்காது, சாமி."

"இந்தக் கயிறு ஏன் இங்க?"

"எந்திரிக்காம இழுக்க, சாமி."

"இதென்ன, பாவாடை நாடா முடிச்சு?"

"காத்து முரண்டு பண்ணா உருவிப் பாயை இறக்க, சாமி."

"நாளைக்குக் காலைல நானும் வர்றேன். நீ சொன்னது பொய்னா படகு அடுப்புக்கு."

அன்னிக்கு அவ கஞ்சி குடிக்கப் போன நேரம் பாத்து, தாண்டவராயன் வந்து, சுருக்கை அவுத்துட்டு, கல்லாட்டம் குருட்டு முடிச்சு போட்டுட்டுப் போயிட்டான். விடிஞ்சதும் ராஜா வந்து ஏறினாரு, ஏறிட்டு, "தாண்டவராயா, நீயும் வா"ன்னுட்டாரு. ராஜா கூப்பிட்டா மாட்டேங்க முடியுமா?

போறாங்க, போறாங்க, நடுவுல காத்து சுழட்டி அடிச்சுது. படகு சாஞ்சுது. ராஜா ஆசையா கயித்துமேல கை வச்சாரு. தாண்டவராயன் அலறிட்டான்.

"அது உருவாது மகாராஜா, குருட்டு முடிச்சு. நான்தான் போட்டேன். செத்தோம்."

பூச்செண்டு அவனை ஒரு பார்வை பாத்தா. "தொட்டுப் பாக்காம நான் எந்த நாளும் படகு எடுத்ததில்ல. காலைலயே அவுத்துச் சுருக்கு போட்டுட்டேன். யாரு வேலைன்னுதான் தெரியாம இருந்துச்சு"ன்னா. சொல்லிக்கிட்டே ஒரு இழுப்பு இழுத்தா, பாய் மடமடன்னு கீழ வந்துச்சு. படகு நிமிந்துருச்சு.

அன்னையிலேருந்து ராஜாவோட படகுத்துறை பூச்செண்டுக்கு. அவ குடத்தையெல்லாம் சுமக்கிற வேலை தாண்டவராயனுக்கு.

அடுத்தவ படகுல குருட்டு முடிச்சு போட்டா, அதுல நாமளே ஏற வேண்டி வரும். கதை கரை சேந்துருச்சு, நீங்க கண்ணை மூடுங்க.