சின்னான் சொன்ன சில்லறைச் செய்திகள்

மழை மிகுந்த மலைக்காடு ஒன்றில் சின்னான் என்னும் கொண்டைக்குருவி வாழ்ந்து வந்தது. விடிந்ததும் அது உயர்ந்த கிளையில் அமர்ந்து, கண்டதையெல்லாம் காடு முழுதும் கேட்கக் கூவும்.

"இன்று நான் தின்ற அத்திப்பழம் புளிப்பு! என் கொண்டை எவ்வளவு நிமிர்ந்து நிற்கிறது, பாருங்கள்! மலையணில் அக்காள் கிளையிலிருந்து வழுக்கிவிட்டாள்!"

பின்னர், யார் யார் பதில் குரல் கொடுக்கிறார்கள் என்று கழுத்தை நீட்டிக் கவனிக்கும். ஒருவரும் கொடுக்காவிட்டால் அன்று அதற்கு இரை இறங்காது.

அருகிலிருந்த மரத்தில் ஒரு கருமந்தி வசித்தது. சிறுத்தையோ வேறு பகையோ வந்தால் மட்டுமே அது குரல் எழுப்பும். அக்குரல் கேட்டால் காடே ஒளிந்துகொள்ளும். அதில் அதற்குப் பெருமிதம் மிகுதி.

ஒருநாள் அது சின்னானைக் கடிந்தது. "ஏனடா, நீ தின்ற பழத்தின் புளிப்பை யார் கேட்டார்கள்? நான் வாய் திறந்தால் உயிர்கள் பிழைக்கின்றன. நீ வாய் திறந்தால் என் உறக்கம் கெடுகிறது!"

"நன்றாகக் கேளுங்கள், பெரியவரே!" என்றது மலையணில். "நானா வழுக்கினேன்? என் வால்தான் வழுக்கியது!"

எல்லாரும் சிரித்தனர். சின்னான் கூனிக் குறுகியது. மறுநாள் முதல் அது வாய் திறக்கவில்லை.

கருமந்தி இருந்த அதே மரத்தின் பொந்தில் ஒரு தாய் இருவாச்சிப் பறவை தன் குஞ்சுடன் அடைந்திருந்தது. முட்டையிடும் காலத்தில் பொந்துக்குள் புகுந்து, வாயிலை அடைத்துக்கொள்வது இருவாச்சிகளின் வழக்கம். அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவு மட்டும் இருக்கும். அதன் வழியே ஆண்பறவை கனி ஊட்டும். உள்ளே தாயின் இறகுகள் உதிர்ந்துவிடும். அவை மீண்டும் முளைக்கும் வரை அதனால் பறக்க இயலாது.

பெருமழை பிடித்தது. ஆண்பறவை வரவில்லை. பொந்துக்குள் குஞ்சு பசியால் அழுதது. ஒரு காலைப்பொழுதில், தாய் தன் அலகால் வாயிற்சுவரை உடைக்கத் தொடங்கியது.

கருமந்தி திடுக்கிட்டது. "தாயே, என்ன செய்கிறாய்? கீழே மரநாய் மோப்பம் பிடிக்கிறது! சுவர் போனால் உன் குஞ்சும் போகும்!"

"காடு இன்னும் இருக்கிறதா, ஐயா?" என்று கேட்டது தாய். "நாள்தோறும் அந்தச் சிறுவன் பேசுவான். பழம் புளிக்கிறது என்பான். வெளியே எல்லாம் நலம் என்று நான் நிம்மதி கொள்வேன். இப்போது அவன் குரலே இல்லை. என் கணவரும் வரவில்லை. எல்லாரும் மாண்டுபோனீர்கள் என்றே எண்ணினேன்!"

"ஒன்றும் ஆகவில்லை. உள்ளே போ!"

"ஆபத்தென்றால் மட்டுமே பேசுபவர் தாங்கள். தாங்கள் பேசப் பேச எனக்கு அச்சம் கூடுகிறது!" என்று தாய் மேலும் வேகமாகக் கொத்தியது. சுவரில் ஒரு கட்டி பெயர்ந்து விழுந்தது. மரநாய் அண்ணாந்து பார்த்தது.

கருமந்தி கிளைக்குக் கிளை தாவிச் சின்னானிடம் ஓடியது. "தம்பி, பேசு!"

"பேச என்ன இருக்கிறது, பெரியவரே? பெரிய செய்தி ஒன்றும் என்னிடம் இல்லையே!"

"உள்ளதைச் சொல்லடா! ஒரு தாய் காத்திருக்கிறாள்!"

சின்னான் தயங்கித் தயங்கிக் கூவியது. "மழை விட்டது... அத்திப்பழம் இனித்துவிட்டது... மலையணில் அக்காள் வாலை உலர்த்துகிறாள்... அக்கரைப் பாறையில் இருவாச்சி அண்ணன் அலகு நிறையப் பழத்தோடு உட்கார்ந்திருக்கிறார். சிறகு காய்ந்ததும் கிளம்புவாராம். நேற்றே பார்த்தேன். யாருக்கு வேண்டும் என்று சொல்லாமல் விட்டேன்!"

கொத்தும் ஓசை நின்றது. தாய் உள்ளே ஒடுங்கி, சிதைந்த சுவரைத் தன் எச்சத்தாலும் பழச்சக்கையாலும் பூசத் தொடங்கியது. மரநாய் மரமேறி வந்தபோது, கனி ஊட்டும் மெல்லிய பிளவைத் தவிர, அதன் மூக்கு நுழையும் அளவுக்குக்கூட இடைவெளி இல்லை. மாலையில் பெரிய சிறகுகளின் ஓசை கேட்டது. பசித்திருந்த குஞ்சுக்கு முதற்கனி கிடைத்தது.

கைபேசியில் நாம் இடும் சிறு பதிவு நமக்குப் புகழ் சேர்க்காமல் போகலாம். ஆயினும், எங்கோ தனித்து அடைபட்டிருக்கும் ஓர் உயிருக்கு, உலகம் இன்னும் நலமாக இருக்கிறது என்னும் ஆறுதலை அதுவே அளிக்கக்கூடும்.