சிங்கக் கூண்டில் மூன்றாம் வகுப்பு

வாகைக்குறிச்சி மிருகக்காட்சி சாலையில் மிருகங்கள் தங்கள் வேலையை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்ள மூன்று பேர் இருந்தார்கள். தகராறு அங்கேதான்.

மூவரில் மூத்தவர் சொரிமுத்து. மற்ற இரண்டு பேரும், அதாவது உலகநாதனும் கொம்பையாவும், அவரை அண்ணாச்சி என்பார்கள். அண்ணாச்சி சொன்னால் சொன்னபடி செய்வார்கள். அண்ணாச்சியோ மேலதிகாரி சொன்னால் சொன்னபடி செய்வார். சொன்னதற்கு மேலே ஏதாவது யோசித்தார் என்று அவர் மீது இதுவரை ஒரு புகாரும் வந்ததில்லை.

சொரிமுத்துவுக்கு அல்லி என்ற நீர்யானையிடம் கொள்ளைப் பாசம். வீட்டில் சொல்ல முடியாததையெல்லாம் அதனிடம்தான் சொல்வார். அதுவும் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்ளும்.

ஒரு நாள் அவர் சிங்கக் கூண்டைக் கூட்டிக்கொண்டிருந்தார். சிங்கம் செத்து ரொம்ப நாளாகிவிட்டது. கூட்ட வேண்டாம் என்று யாரும் சொல்லாததால் தினமும் கூட்டிக்கொண்டிருந்தார். அப்போது டைரக்டரிடமிருந்து போன் வந்தது.

"சொரிமுத்து, நல்லா கவனிச்சுக் கேளுங்க. வெள்ளிக்கிழமை நம்ம ஊர் தொடக்கப் பள்ளியிலேருந்து மூணாம் வகுப்புப் பிள்ளைங்க வர்றாங்க. அவங்களுக்கு நாமதான் கல்வி நிகழ்ச்சி நடத்தணும். அது நல்லபடியா நடக்கலேன்னா மேலிடத்துல இந்த இடத்தையே இழுத்து மூடச் சொல்லிருவாங்க. நீர்யானையை வடக்கே எங்கேயாவது அனுப்பிருவாங்க."

சொரிமுத்துவின் கையிலிருந்து விளக்குமாறு நழுவியது. "என்ன செய்யணும்னு சொல்லுங்கய்யா. அப்படியே செஞ்சிருதோம்."

"பிள்ளைங்க நாலு விஷயம் தெரிஞ்சுக்கிட்டுப் போகணும். மிருகங்களைக் கிட்டத்துல பாக்கணும். ஆனா பாதுகாப்பு முக்கியம். மிருகம் கம்பிக்கு அந்தப் பக்கம், பிள்ளைங்க இந்தப் பக்கம். புரிஞ்சுதா?"

சொரிமுத்து தாம் நிற்கும் இடத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்துக்கொண்டார். கூண்டுக்குள் நின்றிருந்தார்.

"நல்லாப் புரிஞ்சுது ஐயா."

சாயங்காலம் மூவரும் கூடி ஆலோசித்தார்கள். உலகநாதனுக்கு ஒரு சந்தேகம்.

"அண்ணாச்சி, பிள்ளையள உள்ளே வைக்கணும்னா ஐயா சொன்னாவ?"

"இந்தப் பக்கம்னு சொன்னாவ. அப்போ நான் எந்தப் பக்கம் நின்னேன்?"

"உள்ளே."

"பொறவு என்ன கேள்வி?"

"அது சரி, ஐயா எந்தப் பக்கம் இருந்து பேசினாவளோ?" என்றான் கொம்பையா. அவன் எதையும் ஆழமாகப் பார்ப்பவன்.

சொரிமுத்து கண்ணை மூடி யோசித்தார். "ஆபீசுக்குள்ள இருந்துதான் பேசினாவ. அங்கே ஜன்னல்ல கம்பி இருக்கு. அப்போ அவரும் உள்ளேதான்."

மூவருக்கும் மனசு தெளிந்தது.

"அப்போ மிருகமெல்லாம் வெளியே வரணும்லா? சிறுத்தையுமா?" என்று கேட்டான் உலகநாதன்.

"சிறுத்தை வேண்டாம்டே. அத்தனை பிள்ளையளைக் கண்டா அது மிரண்டுபோகும். பாதுகாப்பு முக்கியம்னு சொல்லியிருக்காவ."

சிங்கத்தின் பலகை இன்னும் கூண்டின் மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. பார்க்க வருபவர்கள் ஏமாறக் கூடாது என்று சொரிமுத்து அதை ஈரத்துணியால் துடைத்துவிட்டுச் சாக்பீஸால் புதிதாக எழுதினார். 'பெயர்: மூன்றாம் வகுப்பு. வாழிடம்: வாகைக்குறிச்சி. உணவு: சத்துணவு, முட்டை. குணம்: கூட்டமாக வாழும். சத்தம் போடும்.'

வெள்ளிக்கிழமை வேன் வந்து நின்றது. எஸ்தர் டீச்சர் இறங்கி, வேனுக்குள் மறந்து வைத்த தண்ணீர்ப் பாட்டில்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு வருவதற்குள், "உள்ளே வாங்க கண்ணுகளா" என்று சொரிமுத்து ஒரு குரல் கொடுத்தார். பிள்ளைகள் கூண்டைக் கண்டதும் ஓவென்று கத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டார்கள்.

"ஏய், எங்கே போறீங்க? வெளியே வாங்க எல்லாரும்!" என்று பதறிக்கொண்டு டீச்சரும் பின்னாலேயே நுழைந்தார். உலகநாதன் கதவைச் சாத்திப் பூட்டினான். பிறகு பலகையைப் பார்த்தான். சாக்பீஸை எடுத்து, 'இதில் ஒன்று பெரியது' என்று சேர்த்தான்.

மிருகங்கள் வர ஆரம்பித்தன. ஆமையைக் கொம்பையா இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து கம்பிக்குக் கம்பி காட்டினான். மயில் தானாக வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. கடைசியில் ஒரு கட்டு அகத்திக்கீரையைக் காட்டிக்கொண்டு சொரிமுத்து முன்னால் நடக்க, அல்லி அசைந்து அசைந்து வந்தது. பிள்ளைகளைப் பார்த்தது. பிறகு ஒரு பெரிய கொட்டாவி விட்டது. பிள்ளைகள் கைதட்டிக் குதித்தார்கள். எஸ்தர் டீச்சர் மட்டும் கண்ணை மூடி ஜெபம் செய்துகொண்டிருந்தார்.

"தாத்தா, இது எவ்வளவு சாப்பிடும்?" என்றாள் ஒரு சிறுமி.

"போடுற அளவுக்கு" என்றார் சொரிமுத்து. ஒன்று என்று மனதுக்குள் குறித்துக்கொண்டார்.

"ஆமைக்கு என்ன வயசு?"

"நான் வேலைக்கு வரும்போதே அது இங்கேதான் இருந்துச்சு." இரண்டு.

"மயில் முட்டை போடுமா?"

"போடாது. இது ஆம்பளை." மூன்று.

"ஒண்ணுக்கு எங்கே போகணும்?" என்று கேட்டான் ஒரு பையன்.

"வெளியே வந்து, இடது கைப் பக்கம் திரும்பி, நேரே போனா வேப்ப மரத்துக்கு அடியில இருக்கு" என்று சொரிமுத்து தெளிவாக வழி சொன்னார். பையன் பூட்டைப் பார்த்தான்.

நான்கு. சொரிமுத்து நிம்மதியாக மூச்சு விட்டார். அல்லி தப்பித்தாள்.

"அண்ணாச்சி, உங்களைக் கெஞ்சிக் கேக்கேன். இந்தப் பூட்டுக்குச் சாவி எங்கே?" என்றார் டீச்சர்.

"அது அஞ்சாவது டீச்சர்" என்றார் சொரிமுத்து மிகுந்த வருத்தத்துடன். "நாலுதான் சொல்லச் சொல்லி உத்தரவு."

இதற்குள் வெளியே கூட்டம் கூடிவிட்டது. பலகையைச் சத்தமாகப் படித்துவிட்டு, "பெரியது எதுடே?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். ஒரு அம்மா மனசு கேட்காமல் பிஸ்கட் பொட்டலத்தைக் கம்பிக்குள் நீட்டினாள். கொம்பையா பாய்ந்து வந்து தடுத்தான். "தீனி போடக் கூடாதும்மா. அதுகளுக்கு வயித்தால போகும்."

டைரக்டரின் ஜீப் வந்தபோது நிலைமை இப்படித்தான் இருந்தது. அவர் இறங்கினார், பார்த்தார், திரும்பவும் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இறங்கி வந்து, உலகநாதனிடமிருந்து சாவியைப் பிடுங்கிக் கதவைத் திறந்தார்.

பையன் வேப்ப மரத்தைப் பார்த்து ஓடினான். எஸ்தர் டீச்சர் வெளியே வந்து, புடவையை உதறிக்கொண்டு, மூன்று பேரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"உங்களையெல்லாம் மொதல்ல ஒண்ணாப்புல கொண்டு உக்கார வைக்கணும்!"

"டீச்சர் சொல்றதுதான் சரி. அதைத்தான் செய்யணும்" என்றார் டைரக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு.

சொரிமுத்து தலையை ஆட்டினார். உத்தரவு ஆகிவிட்டது.

திங்கட்கிழமை காலை டைரக்டர் மிருகக்காட்சி சாலையை மூடிவிடும் முடிவோடு வந்தார். வாசலில் ஊர்த் தாய்மார்கள் திரண்டு நின்றார்கள். அடி விழப்போகிறது என்று நினைத்து ஜீப்பை விட்டு இறங்காமலே, "என்னம்மா?" என்று கேட்டார்.

"மூணாப்புக்கு மட்டும்தானா சார்? கூண்டுல இருந்துட்டு வந்த பிள்ளையெல்லாம் சொன்ன பேச்சு கேக்கு. என் மவன் ரெண்டாப்பு. சோறு திங்க மாட்டேங்கான். அவனை எப்போ அடைப்பீங்க?"

கல்வி நிகழ்ச்சிக்கு ஊரில் இவ்வளவு கிராக்கி என்ற விஷயம் மேலிடம் வரை போய், மிருகக்காட்சி சாலை தொடர்ந்து நடக்கலாம் என்று பதினொரு மணிக்கெல்லாம் பதில் வந்துவிட்டது. நல்ல செய்தியைச் சொல்ல டைரக்டர் மூன்று பேரையும் தேடினார். ஒருவரையும் காணோம். மிருகங்கள் பசியில் கத்திக்கொண்டிருந்தன. அவரே புல் கட்டைத் தூக்கி அல்லியிடம் போட்டார். அல்லி அவருக்குப் பின்னால் யாரையோ தேடிப் பார்த்துவிட்டுத் தலையைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டது.

சந்தேகப்பட்டு அவர் பள்ளிக்கூடத்துக்குப் போனார். ஒன்றாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் மூன்று பேரும் முட்டி தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றாம் வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் எஸ்தர் டீச்சர் வராந்தாவுக்கு வந்து, "காலையில இருந்து போகச் சொல்லிப் பாத்துட்டேன் சார். உங்க உத்தரவுங்காங்க. ஆனா ஒண்ணு, மத்த பிள்ளையளை விடச் சத்தம் போடாம இருக்காங்க" என்றார்.

டைரக்டர் கையசைத்துக் கூப்பிட்டார். சொரிமுத்து எழுந்து டீச்சரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"மூடலே சொரிமுத்து. அல்லி இங்கேதான் இருக்கும். ஆனா நீங்க இல்லாம அது புல்லைத் தொடலே. தயவுசெஞ்சு வேலைக்கு வந்துருங்க."

சொரிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டார்.

"இப்பவே வாறோம் ஐயா. ஆனா நாளைக்கு ஒரு நாள் மட்டும் எங்க மூணு பேருக்கும் லீவு தரணும்."

"எதுக்கு?"

"ஒண்ணாப்புப் பிள்ளையள மிருகக்காட்சி சாலை பாக்கக் கூட்டிட்டுப் போறாவளாம் ஐயா. நாங்களும் பேரு குடுத்திருக்கோம்."