ஒன்பது மரச்சிலைகளும் மெலித்தாவின் கையும்

கேளுங்கள் மக்களே! கப்பலுக்குக் கண் வரைந்து கடலில் இறக்கிய காலத்தில், கிரேக்க நாட்டில் தெனாரா என்றொரு ஊர் இருந்தது. அதற்குக் காவல் அத்தேனா தேவி. இடுப்பளவு உயரமுள்ள பழைய ஒலிவ மரச்சிலைதான். ஆனாலும் அவள் பெயரைச் சொல்லித்தான் சத்தியம் செய்வார்கள், மணம் முடிப்பார்கள், போருக்குப் போவார்கள். அவள் இல்லையென்றால் அது ஊரே இல்லை.

ஆண்டுதோறும் தேவிக்குப் புது ஆடை நெய்வார்கள். அதற்கு வீட்டுக்கு ஒரு கம்பளி இழை. இழை கொடுத்த வீடுதான் ஊரார் வீடு. ஆடை மாற்றும் நாளில் தேவியைக் கடலில் நீராட்டுவார்கள். அன்று ஆண்கள் கதவடைத்து உள்ளே இருக்க வேண்டும்.

நீராட்டுகிறவள் மெலித்தா. எங்கிருந்தோ பிழைக்க வந்த குடும்பம். மூன்று தலைமுறையாக அவர்களுக்கு அதுதான் வேலை. ஆனால் அவள் வீட்டு இழையை மட்டும் யாரும் வாங்கவில்லை. "வந்தவளுக்கு எதற்கு இழை?" என்பார்கள். தேவியைத் தூக்கிச் சுமக்க மட்டும் வந்தவள் வேண்டுமாம்! மெலித்தாவுக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

ஒருநாள் பக்கத்து நாட்டு அரசன் கிரிதோன் தேவியைக் கவர்ந்து போனான். ஊர்ப் பெரியவர்கள் தேவியைத் திருப்பிக் கேட்டு அவன் வாசலில் போய் நின்றார்கள். தேவிக்கு ஆடை சுமந்து மெலித்தாவும் கூடப் போனாள்.

கிரிதோன் அச்சு அசலாக எட்டுச் சிலைகள் செய்து, தேவியையும் சேர்த்து ஒன்பதாக நிறுத்தியிருந்தான். எல்லாவற்றுக்கும் ஒரே ஆடை, ஒரே கிரீடம்.

"உங்கள் தேவி எது என்று மூன்று முறை கை காட்டலாம். சரியாகக் காட்டினால் கொண்டு போங்கள். மூன்றும் தவறினால் தேவியும் எனக்கு, தெனாராவும் எனக்கு" என்றான்.

சபைத் தலைவர் முகக்களை பார்த்து ஒன்றைக் காட்டினார். தவறு. படைத் தலைவர் விளக்குக் கரி படிந்து பழசாகத் தெரிந்த ஒன்றைக் காட்டினார். அதுவும் தவறு. பாவம், அவர்கள் ஆயுள் முழுக்க ஆடையையும் கிரீடத்தையும்தான் கும்பிட்டிருந்தார்கள்!

மெலித்தா முன்னால் வந்தாள். "ஆடையைக் களையப் போகிறேன். ஆண்கள் எல்லாரும் திரும்பி நில்லுங்கள்."

"நானுமா?" என்றான் கிரிதோன்.

"நீங்களும்தான், அரசே."

அந்தக் குரலுக்கு அரசன் திரும்பினான். ஈட்டி வீரர்களும் திரும்பினார்கள்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு, தண்ணீரில் இறக்கும்போது பிடிப்பதுபோல், ஒவ்வொரு சிலையின் இடது கைக்கு அடியிலும் பிடித்துப் பார்த்தாள். முதல் சிலை வழவழப்பு. அடுத்ததும் அப்படியே. ஏழாவதில் அவள் விரல்கள் பள்ளத்தில் போய் அமர்ந்தன. மூன்று தலைமுறைக் கைகள் பிடித்துப் பிடித்துத் தேய்ந்த பள்ளம்! தேவியின் ஆடையைக் களைய அஞ்சி, மேலே பார்த்துச் செதுக்கிய எந்தச் சிற்பிக்கும் அது தெரியாது. மெலித்தாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. "தாயே!" என்று கதறிவிட்டாள்.

அவள் மறுபடி ஆடை சாத்தி அந்தச் சிலையைக் காட்டியதும், கிரிதோன் அதன் பீடத்தின் அடியில் தான் இட்ட குறியைப் பார்த்தான். முகம் வெளுத்தது. மண்டியிட்டு, தேவியை அவள் கையிலேயே ஒப்படைத்தான்.

அந்த ஆண்டு நெசவு தொடங்குமுன், சபைத் தலைவரே மெலித்தாவின் வாசலுக்கு வந்து இரு கைகளையும் ஏந்தி நின்றார். "அம்மா, உங்கள் வீட்டு இழை."

தேவியின் ஆடையில் முதல் இழை அதுதான்.

ஆகவே மக்களே, ஓர் ஊரின் தெய்வத்தைத் தன் கையால் பேணுகிறவர், எங்கிருந்து வந்தவரானாலும், அந்த ஊருக்குச் சொந்தமானவரே.